வழிநூலும் களவும்: திரை ஊடகங்களின் காலத்தில் தற்சிந்தனை

முன்னுரை

எரேமியா தீர்க்கதரிசன நூலின் இருபத்துமூன்றாம் அதிகாரம் பொய்த் தீர்க்கதரிசிகளைக் கண்டிக்கும் பகுதி என்பதை நாம் அறிவோம். ஆயினும் அதன் முப்பதாம் வசனம் பெரும்பாலும் நம் கவனத்திற்குத் தப்பிவிடுகிறது. பொய்யுரைப்போரை மட்டுமன்றி, ஒருவரிடமிருந்து ஒருவர் சொற்களை எடுத்துக்கொண்டு அவற்றைத் தெய்வ வாக்காக வழங்குவோரையும் ஆண்டவர் எதிர்த்து நிற்கிறார் என்பதே அவ்வசனத்தின் கருத்து. அங்கே வரும் எபிரேய வினைச்சொல்லின் வேரும், பத்துக் கட்டளைகளில் களவைத் தடைசெய்யும் கட்டளையின் வேரும் ஒன்றே. ஆகவே சொல்லைக் களவாடுதல் பொருளைக் களவாடுதலைப் போன்றே ஒரு குற்றம் என்று தீர்க்கதரிசி கருதினார் எனலாம்.

இவ்வசனம் நம் காலத்தில் புதியதொரு கூர்மை பெற்றுள்ளது. தொலைக்காட்சியும், கைப்பேசித் திரையும், வினாடிப் பொழுதில் கட்டுரை எழுதித்தரும் கணினியும் ஒவ்வோர் ஆயரின் மேசையிலும் வந்து அமர்ந்துவிட்டன. சனிக்கிழமை இரவு எந்த வசனத்திற்கும் பத்துப் பிரசங்கங்களைக் கேட்டுவிடலாம். ஞாயிறு காலை அவற்றில் ஒன்றைத் தம் குரலில் வழங்கிவிடலாம். சபையாரில் சிலர் அதே பிரசங்கத்தை அதே வாரத்தில் தம் கைப்பேசியில் கேட்டிருக்கவும் கூடும். இந்நிலையில் 'சொந்தமான சிந்தனை' என்பது எது? பிறரிடமிருந்து பெறுவதெல்லாம் களவாகுமா? முற்றிலும் புதியதைச் சொல்வதுதான் ஆயரின் கடமையா? இவ்வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். முதலில் திரை ஊடகங்கள் நம் நாட்டில் நடந்துவந்த வழியையும், பின்னர் தமிழ் மரபும் திருமறையும் தரும் அளவுகோல்களையும், இறுதியாக ஆயரும் சபையும் செய்யத்தக்கவற்றையும் நோக்குவோம்.

1. தொலைக்காட்சி நடந்துவந்த வழி

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்டு 15 அன்று தன் ஒளிபரப்பைத் தொடங்கியது. உழவர்களுக்கென 'வயலும் வாழ்வும்', நேயர் கடிதங்களுக்கென 'எதிரொலி' போன்ற நிகழ்ச்சிகளை அது வழங்கியது. எனினும் மக்கள் வாரந்தோறும் ஆவலுடன் காத்திருந்தது வெள்ளிக்கிழமையின் 'ஒளியும் ஒலியும்' நிகழ்ச்சிக்கே. அது திரைப்படப் பாடல்களின் தொகுப்பு. தொலைக்காட்சி தன் இளமைப் பருவத்திலேயே மற்றோர் ஊடகத்தின் ஆக்கத்தைக் கொண்டு வாழக் கற்றுக்கொண்டது என்பது இதனால் விளங்கும்.

1993 ஏப்ரல் 14 அன்று சன் தொலைக்காட்சி தொடங்கப்பெற்றது. அதன்பின் தனியார் அலைவரிசைகள் பெருகின. 2006-இல் தமிழக அரசு தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தின்கீழ் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட பெட்டிகள் வழங்கப்பெற்றன. இவ்வாறு திரை குடிசைவரை சென்று சேர்ந்தது. ஆனால் திரையில் தோன்றியவை எங்கிருந்து வந்தன?

1998-இல் பிரிட்டனில் தோன்றிய ஒரு வினாவிடை நிகழ்ச்சி, 2000-இல் இந்தியில் அமிதாப் பச்சனைக் கொண்டும், அதே ஆண்டில் தமிழில் சரத்குமாரைக் கொண்டு 'கோடீஸ்வரன்' என்னும் பெயரிலும் வெளிவந்தது. 1999-இல் நெதர்லாந்து நாட்டில் தோன்றிய 'பிக் பிரதர்' நிகழ்ச்சி, 2017-இல் கமல் ஹாசனைத் தொகுப்பாளராகக் கொண்டு 'பிக் பாஸ்' என்று தமிழில் வந்தது. இவை களவுகள் அல்ல. உரிமத் தொகை செலுத்திப் பெறப்பட்டவை. இவ்வணிகத்தில் விற்கப்படுவது ஒரு கதையன்று, ஓர் 'அமைப்பு' ஆகும். அரங்கின் தோற்றம், ஒளியமைப்பு, இசை, போட்டியின் விதிகள் யாவும் ஒரு கையேட்டில் எழுதப்பட்டு, உரிமம் பெற்றவரிடம் ஒப்படைக்கப்படுகின்றன. அத்தொழிலில் உள்ளோர் அக்கையேட்டைப் 'பைபிள்' என்றே அழைக்கின்றனர் என்பது நாம் சற்றே நின்று எண்ணத்தக்க செய்தி. மாற்றக்கூடாத எழுத்து, எந்நாட்டிலும் ஒரேவிதமாகப் பின்பற்றப்பட வேண்டிய எழுத்து என்னும் பொருளில் அவர்கள் அப்பெயரை வழங்குகின்றனர். நம் திருமறையையும் நாம் சில வேளைகளில் அவ்வாறுதான் கையாளுகிறோமோ என்னும் ஐயம் இங்கே எழாமற் போகாது.

தொடர்கதைகளின் நிலையும் இதனை ஒத்ததே. 2019-இல் வங்காளத்தில் 'ஸ்ரீமொயி' என்னும் தொடர் தொடங்கியது. குடும்பத்திற்காக உழைத்தும் மதிப்பிழந்த ஓர் இல்லத்தரசியின் கதை அது. 2020-இல் அது தமிழில் 'பாக்கியலட்சுமி' ஆகவும், இந்தியில் 'அனுபமா' ஆகவும் வெளிவந்தது. இதற்கு எதிர்த்திசையில் சென்றதும் உண்டு. 2018-இல் தமிழில் தோன்றிய 'பாண்டியன் ஸ்டோர்ஸ்' என்னும் கூட்டுக்குடும்பக் கதை தெலுங்கு, கன்னடம், மலையாளம், வங்காளம், மராத்தி, இந்தி ஆகிய மொழிகளுக்குச் சென்றது. தமிழர் பிறரிடமிருந்து பெற்றுக்கொள்வோர் மட்டுமல்லர், பிறருக்கு வழங்குவோருமாவர் என்பதற்கு இது சான்று.

இப்போலச்செய்தலின் காரணத்தைத் தயாரிப்பாளரின் சோம்பலில் மட்டும் தேடலாகாது. வாரத்தில் ஐந்து அல்லது ஆறு நாள், நாள்தோறும் ஒரு பகுதி தந்தாக வேண்டும். வாரந்தோறும் வெளிவரும் பார்வையாளர் கணக்கில் எண் குறைந்தால் விளம்பரம் குறையும். ஆகவே ஏற்கெனவே ஓரிடத்தில் வெற்றி பெற்றதைத் தெரிந்துகொள்வது பாதுகாப்பாகத் தோன்றுகிறது. காலமின்மையும் அச்சமும் சேருமிடத்தில் போலச்செய்தல் பிறக்கிறது. வாரத்தில் மூன்று நான்கு செய்திகளை ஆயத்தம் செய்யவேண்டிய ஆயருக்கும் இவ்விரண்டும் அயலானவை அல்ல.

எனினும் அதே தொலைக்காட்சியில் தற்சிந்தனைக்கு இடம் கிடைத்த வேளைகளும் உண்டு. 2009-இல் கலைஞர் தொலைக்காட்சியில் தொடங்கிய 'நாளைய இயக்குநர்' என்னும் குறும்படப் போட்டி, முன்பின் அறியப்படாத இளைஞரிடம் சில நிமிடங்களைக் கொடுத்து உன் கதையைச் சொல் என்றது. கார்த்திக் சுப்புராஜ், நலன் குமாரசாமி முதலியோர் அங்கிருந்து வந்தவர்களே. பட்டிமன்றம் என்னும் நம் பழைய வடிவமும் திரையில் புதுவாழ்வு பெற்றது. மதுரை அமெரிக்கன் கல்லூரியின் தமிழ்ப் பேராசிரியராயிருந்த சாலமன் பாப்பையா நடுவராக வீற்றிருந்த மன்றங்களைத் தமிழ்நாடு முழுவதும் அறியும். இரு தரப்பையும் முழுதாகக் கேட்டபின் காரணங்காட்டித் தீர்ப்புரைக்கும் பழக்கத்தை, நகைச்சுவை மிகுந்திருப்பினும், அவ்வடிவம் இல்லந்தோறும் கொண்டுசென்றது. எனவே ஊடகம் தன்னளவில் சிந்தனையின் பகையன்று. எத்தகைய இடத்தை அது மனிதருக்குத் தருகிறது என்பதே வினா.

2. தமிழ் மரபின் அளவுகோல்

பிறரிடமிருந்து பெறுதல், தானே படைத்தல் ஆகிய இவ்விரண்டின் உறவைப்பற்றி மேனாட்டார் வகுத்த கருத்துகளையே நாம் பெரிதும் நாடுகிறோம். நம் இலக்கண நூலாரோ இதனை நெடுங்காலத்திற்கு முன்பே ஆராய்ந்துள்ளனர். தொல்காப்பிய மரபியல் நூல்களை முதனூல், வழிநூல் என இரண்டாகப் பிரிக்கிறது. மாசற்ற அறிவினனாகிய முதல்வன் கண்டுரைப்பது முதனூல். அதன்வழி வருவது வழிநூல். வழிநூலும் சுருக்குதல், விரித்தல், இவ்விரண்டையும் ஒருங்கே செய்தல், மொழிபெயர்த்தல் என நால்வகைப்படும். பின்வந்த நன்னூலில் சமண ஆசிரியராகிய பவணந்தி முனிவர் சார்புநூல் என்னும் மூன்றாம் வகையையும் சேர்த்துரைக்கிறார்.

இப்பாகுபாட்டில் நாம் கவனிக்கத்தக்கவை இரண்டு. முதலாவது, வழிநூல் இழிந்ததன்று. முன்னோன் நூலின் முடிவை ஏற்றுக்கொண்டு, பின்னோன் தேவையெனக் கண்ட வேறுபாடுகளையும் சேர்த்து மரபு கெடாமல் உரைப்பது என்று நன்னூல் அதற்கு இலக்கணம் கூறுகிறது. இரண்டாவது, பின்னோனுடைய அந்த வேறுபாடு இல்லையெனில் அது வழிநூலாகாது. வெறும் படியெடுப்பே ஆகும். எனவே நம் மரபின்படி நூலாசிரியனின் தகுதி அவன் எதையும் பெறாதிருந்தான் என்பதில் இல்லை. பெற்றதைத் தன் காலத்திற்கும் மக்களுக்கும் ஏற்ப ஆராய்ந்து தந்தானா என்பதிலேயே உள்ளது.

இதற்குக் கிறிஸ்தவத் தமிழிலக்கியத்திலேயே ஒளிரும் சான்று உண்டு. நெல்லைச் சீமையைச் சேர்ந்த எச். ஏ. கிருஷ்ண பிள்ளை 1894-இல் வெளியிட்ட 'இரட்சணிய யாத்திரிகம்', ஜான் பனியன் 1678-இல் வெளியிட்ட ஆங்கில உரைநடை நூலின் வழிநூலே ஆகும். வைணவக் குடியில் பிறந்து கம்பனில் ஊறிய அப்புலவர், பனியனின் கதையைக் காப்பியச் செய்யுளில் அமைத்தார். கிறிஸ்துவின் பாடுகளை விரித்துரைத்தார். பத்திப் பாடல்களை இடையிடையே பதித்தார். மூலத்தின் கதைப்போக்கு அவருடையதன்று. எனினும் தமிழர் எவரும் அதனைக் களவு என்று கூறியதில்லை. மூலம் இன்னதென மறைக்கப்படவில்லை. ஆசிரியரின் ஆன்மா அதில் பதிந்திருக்கிறது.

3. திருமறையின் அளவுகோல்

திருமறை நூல்கள் உருவான வரலாறும் இதனையே காட்டுகிறது. மாற்கு நற்செய்தியின் 661 வசனங்களில் ஏறக்குறைய 600 வசனங்களின் பொருள் மத்தேயுவில் இடம்பெற்றுள்ளது என்பதை இறையியல் மாணவர் முதலாண்டிலேயே கற்கின்றனர். மாற்குவே முற்பட்டது என்னும் பெரும்பாலான அறிஞரின் முடிவை ஏற்றுக்கொண்டால், மத்தேயு தம் முன்னோனிடமிருந்து பெரும்பகுதியைப் பெற்றுக்கொண்டார் என்பது தெளிவு. ஆயினும் மத்தேயுவின் நூல் மாற்குவின் படியன்று. ஆண்டவரின் போதனைகளை ஐந்து பெருஞ்சொற்பொழிவுகளாக அமைத்ததும், பழைய ஏற்பாட்டின் நிறைவேற்றத்தை அடிக்கடி எடுத்துக்காட்டியதும் அவர் தம் சபையின் வினாக்களுக்கு விடை தேடியதன் விளைவே. லூக்காவோ தம் முகவுரையிலேயே, தமக்குமுன் பலர் எழுதியிருப்பதை ஒப்புக்கொண்டு, தாமும் ஆதிமுதல் யாவையும் ஆராய்ந்து எழுத முற்பட்டதாகக் கூறுகிறார். முன்னோரை வெளிப்படையாக ஏற்றுக்கொள்ளுதல், தாமே ஆராய்தல் என்னும் இரண்டும் அங்கே ஒருங்கே காணப்படுகின்றன.

பவுலடிகளும் தாம் பெற்றுக்கொண்டதையே ஒப்படைத்ததாகக் கொரிந்தியருக்கு எழுதினார் (1 கொரி. 15:3). நற்செய்தியைப் பொறுத்தவரை ஆயர் எவரும் முதனூலாசிரியர் அல்லர். முதனூல் இறைவனுடையது. புதுமை வேண்டுமென்று நற்செய்தியைப் புதிதாய்ப் புனைவோரும் எரேமியாவின் கண்டனத்திற்குத் தப்பமாட்டார்கள். ஏனெனில் அதே அதிகாரம் தம் சொந்த இருதயத்தின் தரிசனத்தைப் பேசுவோரையும் கடிந்துகொள்கிறது. ஆகவே பிரசங்கம் என்பது முதனூலுமன்று, படியெடுப்புமன்று. அது வழிநூல் என்பதே நம் துணிபு.

அப்படியாயின் பிறர் பிரசங்கத்தைச் சபையில் வாசிப்பது பாவமா? திருச்சபை இதனைப் புதிதாய் எதிர்கொள்ளவில்லை. அகுஸ்தீன் 'கிறிஸ்தவப் போதனை' என்னும் தம் நூலின் நான்காம் பகுதியில் இதே எரேமியா வசனத்தை எடுத்து ஆராய்கிறார். நன்கு பேசும் ஆற்றல் இருந்தும் தாமே இயற்றும் ஆற்றல் இல்லாதவர், பிறர் இயற்றியதைக் கற்று மக்களுக்கு வழங்கலாம் என்றும், அது களவாகாது என்றும் அவர் முடிவு செய்தார். இறைவார்த்தை அதற்குக் கீழ்ப்படிவோர் அனைவருக்கும் உரியது. நல்வார்த்தையைப் பேசித் தீயவழியில் நடப்பவனே பிறர் பொருளை வாயில் வைத்திருக்கும் கள்வன் என்பது அவர் கருத்து. 1547-இல் இங்கிலாந்துத் திருச்சபையும் குருமார் வாசிப்பதற்கென அருளுரைத் தொகுதி ஒன்றை வெளியிட்டது. போதிய கல்வியற்ற குருமாரும் செம்மையான போதனையை வழங்க இது உதவிற்று.

இவ்விரு சான்றுகளும் நமக்குச் சமன்பாட்டைத் தருகின்றன. அருளுரைத் தொகுதி வாசிக்கப்பட்டபோது அது திருச்சபையின் நூல் என்பதைச் சபையார் அறிந்திருந்தனர், ஒளிவுமறைவு இல்லை. இன்று நேர்வதோ வேறு. வேறொரு நகரில், வேறொரு சபைக்கு, வேறொரு துயரத்தின் நடுவே ஒருவர் பேசியதை, அவருடைய வாழ்வில் நேர்ந்த அனுபவத்தையும் உட்படத் தன் அனுபவமாகக் கூறும் வழக்கம் தலைதூக்கியுள்ளது. அங்கே இரண்டு பொருள்கள் களவு போகின்றன. ஒன்று, அப்போதகரின் உழைப்பு. மற்றொன்று, அதனினும் பெரிது: இந்தச் சபை இந்த வாரம் கேட்டிருக்க வேண்டிய சொல். கடன்பட்டு நிலம் இழந்த குடும்பமோ, பிள்ளையைப் பறிகொடுத்த தாயோ முன்வரிசையில் அமர்ந்திருக்க, அயல்நாட்டுச் சபையின் வினாவுக்குரிய விடை அவர்களுக்கு வழங்கப்படுகிறது.

4. இணைய ஊடகமும் கூட்டமும்

இணைய ஊடகம் தொலைக்காட்சியினின்றும் வேறுபடும் இடம் ஒன்றுண்டு. தொலைக்காட்சியில் சிலர் பேசினர், பலர் கேட்டனர். இணையத்தில் யாவரும் பேசலாம். புதுக்கோட்டை மாவட்டத்தின் சிற்றூர் ஒன்றில், வயல்வெளியில் முதியவர் ஒருவரும் அவருடைய பேரப்பிள்ளைகளும் பெருஞ்சட்டிகளில் சமைத்து, அவ்வுணவை எளியோருக்குப் பகிர்ந்தளிக்கும் 'வில்லேஜ் குக்கிங் சேனல்', 2021-இல் ஒரு கோடிச் சந்தாதாரரைப் பெற்ற முதல் தமிழ் யூடியூப் அலைவரிசை ஆயிற்று. அவர்கள் எந்த வெளிநாட்டுக் கையேட்டையும் விலைக்கு வாங்கவில்லை. தம் ஊரின் மண்ணையும், அம்மியையும், பேச்சையும் கொண்டே உலகின் கவனத்தை ஈர்த்தனர். தன் இடத்தில் வேரூன்றியதே தொலைவிலும் விரும்பப்படுகிறது என்னும் இப்பாடம் அருளுரைக்கும் பொருந்தும்.

ஆயினும் அவ்வெற்றியின்பின் அதே பாணியில் சமைக்கும் அலைவரிசைகள் பல தோன்றின. இதற்கு இணையத்தின் அமைப்பே காரணமாகிறது. எதனை மக்கள் இறுதிவரை பார்த்தனர், எதனை உடனே தள்ளினர் என்பதைக் கணினி நிரல் கணக்கிட்டு, முன் விரும்பியதை ஒத்த மற்றொன்றையே அடுத்து முன்வைக்கிறது. ஆகவே காண்போருக்கு ஒத்த கருத்தே மீண்டும் மீண்டும் வருகிறது. படைப்போருக்கோ வென்றதைப் போலச்செய்யத் தூண்டுதல் உண்டாகிறது. 2020-இல் இந்தியாவில் தடைசெய்யப்பட்ட டிக்டாக்கில், பிறர் குரலுக்கு வாயசைப்பதே பெருவழக்காய் இருந்தது. தடைக்குப்பின் அவ்வழக்கம் மறையவில்லை. வேறு செயலிகளுக்குக் குடிபெயர்ந்தது.

தற்சிந்தனை இல்லாத பகிர்வு எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 2018 மே மாதம் தமிழ்நாடு கண்டது. பிள்ளை பிடிப்போர் ஊருக்குள் புகுந்துள்ளனர் என்னும் பொய்ச்செய்தி வாட்ஸ்அப் வழியே பரவியிருந்த வேளையில், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலுக்குச் சென்ற குடும்பத்தைச் சேர்ந்த 65 வயது மூதாட்டி ஒருவர் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். அச்செயலையே சான்றாகக் கொண்டு கூட்டம் அவரை அடித்துக் கொன்றது. அவ்வாண்டு ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே வேளையில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப இயலாதபடி வரையறுத்தது. 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர் தாக்கப்படுவதாகப் போலிக் காட்சிகள் பரவி, தொழிலாளரிடையே பேரச்சத்தை விளைவித்தன. காவல்துறையும் அரசும் மறுப்பு வெளியிட வேண்டியதாயிற்று.

அம்மூதாட்டியைத் தாக்கியோரில் எவரும் அப்பொய்யைத் தாமே புனைந்தவர் அல்லர் என்று வைத்துக்கொள்வோம். பெற்றதை ஆராயாமல் ஏற்றதும், ஏற்றதைக் கையில் எடுத்ததுமே அவர்கள் குற்றம். இங்கே தற்சிந்தனை என்பது கலைஞருக்கும் அறிஞருக்கும் உரிய அணிகலன் அன்று. அயலானின் உயிரைக் காக்கும் வேலி என்பது புலனாகும். பெரோயா பட்டணத்தார் பவுலின் சொல்லையே வேதவாக்கியங்களோடு ஒப்பிட்டு ஆராய்ந்தனர் என்று லூக்கா பாராட்டும்போது (அப். 17:11), அவர் பயன்படுத்தும் கிரேக்க வினைச்சொல் நீதிமன்ற விசாரணையைக் குறிப்பது, பிலாத்து ஆண்டவரை விசாரித்ததைக் கூறுமிடத்திலும் (லூக். 23:14) அவர் அச்சொல்லையே வழங்குகிறார். அப்போஸ்தலனின் போதனையையே விசாரித்தல் நற்குணமாயின், கைப்பேசியில் வந்த பெயரில்லாச் செய்தியை விசாரியாதிருத்தல் எத்துணைப் பெரிய குற்றம்!

5. எழுதித்தரும் இயந்திரம்

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளியானதிலிருந்து புதியதொரு நிலை உருவாகியுள்ளது. இத்தகைய இயந்திரம் பெருந்தொகையான எழுத்துகளைப் பயின்று, ஒரு சொல்லுக்குப்பின் எச்சொல் வரக்கூடும் என்பதைக் கணித்து வாக்கியங்களை அமைக்கிறது. 2023 ஜூனில் ஜெர்மனி நாட்டுப் புரோட்டஸ்டன்ட் திருச்சபையினரின் பெருவிழாவின்போது, ஃபூர்த் நகரிலுள்ள தூய பவுல் ஆலயத்தில், பெரும்பாலும் இவ்வியந்திரம் இயற்றிய வழிபாடு ஒன்று நடத்தப்பட்டது. முந்நூற்றுக்கும் மேற்பட்டோர் கூடினர். திரையில் தோன்றிய உருவங்கள் அருளுரை ஆற்றின. வந்திருந்தோரில் சிலர் வியந்தனர். சிலர் அதில் உள்ளமும் உணர்ச்சியும் இல்லை என்றனர்.

நம் தமிழகத்திலும் இயந்திரம் பற்றிய ஓர் அறவினா 2024 ஜனவரியில் எழுந்தது. 'லால் சலாம்' திரைப்படப் பாடலொன்றில், மறைந்த பாடகர்களாகிய ஷாகுல் ஹமீது, பம்பா பாக்யா ஆகியோரின் குரல்களை ஏ. ஆர். ரகுமான் செயற்கை நுண்ணறிவின் துணையால் மீண்டும் ஒலிக்கச் செய்தார். குடும்பத்தாரின் இசைவைப் பெற்றதாகவும், உரிய ஊதியம் அளித்ததாகவும் அவர் வெளிப்படையாகத் தெரிவித்தார். இசைவு, ஊதியம், வெளிப்படை என்னும் இம்மூன்றும் திரையுலகம் நமக்குக் கற்பிக்கும் நெறி. பிரசங்க பீடம் அதனினும் தாழ்ந்த நெறியைக் கைக்கொள்ளலாகாது.

இவ்வியந்திரத்தை முற்றிலும் விலக்கவேண்டும் என்று யாம் கூறவில்லை. ஒத்த வசனங்களைத் திரட்டவும், அயல்மொழிக் கட்டுரையின் சாரத்தை அறியவும், எழுத்துப்பிழை களையவும் அது பயன்படும். ஆயினும் அது பலரும் பலமுறை கூறியதையே எளிதில் கூறும் இயல்புடையது. அது பயின்ற எழுத்துகளில் ஆங்கிலம் மிகுதி, தமிழ் குறைவு. எனவே அது தமிழில் எழுதினும், ஆங்கிலப் பிரசங்க பீடத்தின் கேள்விகளையே நமக்குத் தமிழில் தரும் ஆபத்து உண்டு. மேலும், அது சபையாருள் ஒருவரின் வீட்டுத் திண்ணையிலும் அமர்ந்ததில்லை; நோயுற்றவரின் கட்டிலருகே மௌனமாய் நின்றதும் இல்லை. அகுஸ்தீன் வகுத்த அளவுகோலின்படி, தான் சொல்லியதற்குக் கீழ்ப்படியவோ கீழ்ப்படியாதிருக்கவோ அதனால் இயலாது. அப்பொறுப்பு வாசிக்கும் ஆயரைச் சார்ந்தே நிற்கிறது.

6. ஆயருக்கு எழுவகை நெறி

நூலாசிரியன் பிறர் கருத்தை எதிர்கொள்ளும் முறைகளை ஏழு 'மதங்கள்' என நன்னூல் வகுக்கிறது. பிறர் கருத்துக்கு உடன்படுதல்; மறுத்தல்; முதலில் ஏற்றுப் பின்னர்க் களைதல்; தானே ஒன்றை நாட்டி நிலைநிறுத்துதல்; இருவர் மாறுபட்டவழி ஒருபக்கம் துணிதல்; பிறர் நூலின் குற்றம் காட்டுதல்; பிறரோடு சேராமல் தன் கொள்கையைக் கொள்ளுதல் என்பன அவை. உடன்படுதலும் இவற்றுள் ஒன்றாக முதலில் வைக்கப்பட்டிருப்பது நோக்கத்தக்கது. தற்சிந்தனை என்பது எப்போதும் மாறுபடுதல் அன்று. ஆராய்ந்து உடன்படுதலும் தற்சிந்தனையே. ஆராயாமல் உடன்படுவதும், ஆராயாமல் மறுப்பதும் இவ்வேழில் அடங்கா.

இந்நெறிக்குச் சென்னைத் திருச்சபையின் வரலாற்றிலேயே சான்று காணலாம். 1938 டிசம்பரில் தாம்பரத்தில் உலக மிஷனெரி மாநாடு கூடியது. அதற்கென ஹென்றிக் கிரேமர் எழுதிய பெருநூலின் கருத்துகளுக்கு எதிராக, சக்கரை, செஞ்சையா முதலியோர் 'இந்தியாவில் கிறிஸ்தவத்தை மறுபடி சிந்தித்தல்' என்னும் ஆங்கிலத் தொகுப்பை அவ்வாண்டிலேயே வெளியிட்டனர். அவர்கள் கூறியவை அனைத்தையும் நாம் ஏற்கவேண்டுவதில்லை. ஆனால் உலகப் பெரும் அறிஞரின் நூலை வாசித்து, விளங்கிக்கொண்டு, தம் மண்ணில் நின்று பெயரோடு மறுத்தனர் என்பதே நமக்கு வேண்டிய பாடம்.

இனி, நடைமுறையில் செய்யத்தக்கவை சிலவற்றைக் குறிப்போம்.

முதலாவது, வரிசைமுறை. வசனத்தை முதலில் தனிமையில் வாசித்து, தம் வினாக்களைத் தாளில் எழுதிய பின்னரே பிறர் விளக்கத்தை நாடவேண்டும். முதலில் திரையைத் திறப்பவருக்கு வினாவும் கடனாகவே வருகிறது. விடை கடனாக வருவதைவிட இது தீங்கு மிகுந்தது.

இரண்டாவது, வெளிப்படை. பெற்ற கருத்தைப் பெற்ற இடம் கூறி வழங்குதல். 'இதனை இன்னாரிடம் கற்றேன்' என்று கூறும் ஆயரின் மதிப்பு குறைவதில்லை. கற்கும் ஆயர் என்னும் நம்பிக்கையே பெருகும். பிறர் அனுபவத்தைத் தம் அனுபவமாகக் கூறுதல் எந்நிலையிலும் கூடாது.

மூன்றாவது, சபையாரின் பயிற்சி. தீர்க்கதரிசனம் உரைக்கப்படும்போது மற்றவர் அதனை நிதானிக்க வேண்டும் என்று பவுல் கொரிந்தியருக்குக் கட்டளையிட்டார் (1 கொரி. 14:29). ஆராதனைக்குப்பின் அரைமணி நேரம் அருளுரையைப்பற்றிச் சபையார் கேள்வி கேட்க இடமளித்தால், அவர்கள் திரையில் காணும் போதகரிடமும் கேள்வி கேட்கக் கற்றுக்கொள்வர். வாலிபர் கூட்டத்தில், வந்த செய்தி எங்கே தோன்றிற்று, எப்போது எடுத்த படம், இதனால் யாருக்கு ஆதாயம், யாருக்குத் தீங்கு என்னும் வினாக்களைப் பழக்கலாம்.

நான்காவது, நூலகம். இதற்குச் சென்னை மாநகரின் கோட்டூர்புரம் தக்க உதாரணமாகும். அங்கே எட்டு ஏக்கர் நிலத்தில் ஒன்பது தளங்களுடன் அண்ணா நூற்றாண்டு நூலகம் 2010 செப்டம்பர் 15 அன்று திறக்கப்பெற்றது. 2011 நவம்பரில் அந்நூலகத்தை நுங்கம்பாக்கத்திற்கு மாற்றிவிட்டு, அக்கட்டடத்தைக் குழந்தைகள் மருத்துவமனையாக்க அப்போதைய அரசு முடிவு செய்தது. வாசகரும் எழுத்தாளரும் எதிர்த்தனர், வழக்குத் தொடரப்பட்டு உயர்நீதிமன்றம் தடை விதித்தது, நூலகம் நிலைபெற்றது. ஆட்சியாளர் முடிவைத் தாமே ஆராய்ந்து மறுத்த குடிமக்களின் செயல் அது. சொந்த நூலைக் கொண்டுசென்று அமர்ந்து படிப்பதற்கென அங்கே தனிப்பகுதி உண்டு. அதே வளாகத்தில் தமிழ் இணையக் கல்விக்கழகமும் இயங்குகிறது. அதன் மின்னூலகத்தில் தேம்பாவணி உள்ளிட்ட கிறிஸ்தவத் தமிழ் நூல்களையும் எவரும் கட்டணமின்றி வாசிக்கலாம். அதனை அடுத்துள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் இந்திய மொழிகளைக் கணினிக்குப் பயிற்றும் ஆய்வும் நடைபெறுகிறது. ஏடும், திரையும், இயந்திரமும் ஒன்றையொன்று அழிக்காமல் நடைதூரத்தில் நிற்கும் இடம் அது. சிற்றூர் ஆயருக்கு அத்தகைய நூலகம் எட்டாதிருக்கலாம். எனினும் நல்ல விளக்கவுரைகள் பத்தும், கையில் எழுதுகோலும் எட்டாத ஊர் இல்லை.

முடிவுரை

எரேமியாவின் காலத்துத் தீர்க்கதரிசிகள் ஒருவருக்கொருவர் காது கொடுத்தனர். ஆண்டவரின் ஆலோசனைச் சபையில் நிற்கவில்லை. அவர்கள் நின்றிருந்தால் மக்களைத் தீய வழியினின்று திருப்பியிருப்பார்கள் என்று அதே அதிகாரம் கூறுகிறது (எரே. 23:22). சொல் களவுபோனதன் விலையை மக்கள் செலுத்தினர், நகரம் வீழ்ந்தது. இன்றும் நம் சபையார் வாரம் முழுவதும் ஓராயிரம் குரல்களைக் கேட்டுக்கொண்டுதான் ஆலயத்திற்கு வருகின்றனர். ஆயிரத்தோராவது குரலாக அவற்றுள் ஒன்றின் எதிரொலியை அவர்களுக்குத் தருவதற்காக நாம் அபிஷேகம் பெறவில்லை.

முதனூல் நமக்குத் தரப்பட்டுள்ளது. முன்னோரின் வழிநூல்களும் நம் கையில் உள்ளன. அவற்றைத் தாழ்மையுடன் பெற்று, நன்றியுடன் பெயர்கூறி, நமக்கு ஒப்புவிக்கப்பட்ட இந்த மந்தையின் கண்ணீருக்கும் நம்பிக்கைக்கும் ஏற்ப ஆராய்ந்து வழங்குவதே ஆயரின் தற்சிந்தனை. அது எளிதன்று, சனிக்கிழமை இரவில் தொடங்கினால் முடிவதுமன்று. திங்கட்கிழமை காலையில் வசனத்தைத் திறந்து, செவ்வாய் முதல் வீடுகளைச் சந்தித்து, அவ்விரண்டும் ஒன்றையொன்று கேள்வி கேட்க இடங்கொடுப்பாரிடத்தில் அது தானே வளரும்.